பெற்றோரைப் பிரியும் பிள்ளைக்கு முதலில் தேவை உறவு

சேலம், தருமபுரி, ஈரோடு மாவட்டத்துக்காரர்களுக்கு மாதேஸ்வரன் மலை என்றால் கோயில்தான் நினைவுக்கு வரும். அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள காட்டுக்குள் ‘போடு’ எனப்படும் சோலிகர் பழங்குடியினரின் குடியிருப்புகளும், கன்னடமும் தமிழும் புழங்கும் சிற்றூர்களும் இருக்கின்றன. 1997 வரை மைசூரு மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, இன்று கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்ட ஹனூர் வட்டத்தில் இருக்கிறது. மாவட்டத் தலைநகருக்குப் போக நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம். அடிப்படை வசதிகள் கேட்டுக் கேட்டுச் சலித்த இண்டிகநத்தா கிராமத்தில், 2024 மக்களவைத் தேர்தலின்போது வாக்குச்சாவடியே சூறையாடப்பட்டு மறுவாக்குப்பதிவு நடந்தது. அதே வட்டத்தின் சுல்வாடியில் 2018 டிசம்பர் 14 அன்று கோயில் பிரசாதத்தில் விஷம் கலந்ததில் 17 பேர் இறந்தார்கள்; பிள்ளைகள் சிலர் பெற்றோரைப் பறிகொடுத்தார்கள். இப்படி ஆதரவிழந்த பிள்ளையையும், அடி உதையாலோ குடியாலோ பெற்றோரிடமிருந்தே மீட்க வேண்டிய பிள்ளையையும் யார் வளர்ப்பது? “நல்ல இல்லமாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள்” என்பதே பெரும்பாலோர் சொல்லும் பதில். நல்லெண்ணத்தில் பிறந்த இந்தப் பதில், கடைசி வழியை முதல் வழியாக்கிவிடுகிறது.

சட்டம் வேறு வரிசையைச் சொல்கிறது. இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன்படி, பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையை மீட்டவர்கள், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவின் முன் நிறுத்த வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இந்தக் குழுவுக்கு நடுவர் மன்றத்தின் அதிகாரம் உண்டு. சமூகப் பணியாளர் வீட்டுச் சூழலை விசாரித்து 15 நாளில் அறிக்கை தர வேண்டும். குழு நான்கு மாதங்களுக்குள் இறுதி முடிவு எடுக்க வேண்டும். மலைக்கோயில் திருவிழாக் கூட்டத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளை ஒன்று மீட்கப்பட்டால், அதன் சொந்த மாவட்டக் குழுவுக்கு மாற்றவும் இச்சட்டத்தின் 95-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துடையது என்றும், நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழியே என்றும் மூன்றாம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

குழுவின் முன் உள்ள வழிகள் பல. பெற்றோரைத் திருத்தி, உதவி செய்து, பிள்ளையை வீட்டுக்கே அனுப்பலாம். பாட்டி, பெரியப்பா, அத்தை போன்ற உறவினரிடம் விடலாம். அப்படி வளர்ப்பவருக்கு, மத்திய அரசின் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமான ‘மிஷன் வாத்சல்யா’வின் நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய் தர முடியும். கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டாத குடும்பங்களுக்கு இது பொருந்தும். நம்பத்தக்கவர் என்று குழு ஏற்ற ஒருவரிடம் குறுகிய காலத்துக்கோ நீண்ட காலத்துக்கோ ஒப்படைக்கலாம். உறவு இல்லாத குடும்பம் ஒன்று, பிள்ளையின் சட்டபூர்வப் பெற்றோர் ஆகாமலே வளர்ப்பது வளர்ப்புப் பராமரிப்பு. 2024-இல் திருத்தப்பட்ட வழிகாட்டுதலின்படி, திருமணமாகாதவர்களும் இதற்கு முன்வரலாம். இரண்டு ஆண்டுக்குப் பின் அந்தப் பிள்ளையைத் தத்தெடுக்கவும் வழி உண்டு. தத்தெடுப்போ நிரந்தரமானது, பிறந்த குடும்பத்தோடு உள்ள சட்ட உறவு அதோடு முடிந்துவிடும். இவை எதுவும் அமையாத நிலைக்குத்தான் குழந்தைகள் இல்லம்.

நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாகக் கிடக்கிறது. 2018-இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பு, நாடு முழுவதும் 9,589 இல்லங்கள் இருப்பதாகச் சொன்னது. பாதுகாப்புத் தேவைப்படுவோராக அவற்றில் இருந்த சுமார் 3.7 லட்சம் பிள்ளைகளில், ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தாயோ தந்தையோ உள்ளவர். வறுமைதான் பலரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்று ஊகிப்பதில் தவறில்லை. வறுமையை மட்டுமே காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா.வின் 2009 வழிகாட்டுதல் சொல்கிறது. வறுமைக்கு மருந்து அந்த 4,000 ரூபாய். பிரிவு அதற்கு மருந்தாகாது.

இல்லத்தில் குறை என்ன? விதிப்படியே நடக்கும் இல்லத்தைப் பார்ப்போம். 25 பிள்ளைகளுக்கு ஆயிரம் சதுர அடிப் படுக்கைக்கூடம் என்பது 2016 மாதிரி விதிகளின் அளவு. ஒரு பிள்ளைக்கு ஐந்தடிக்கு எட்டடி. சோறு கிடைக்கும், பாடம் நடக்கும். இரவில் காய்ச்சல் கண்டால் பக்கத்தில் யார் இருப்பார் என்பது அன்றைய பணிமுறையைப் பொறுத்தது. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-இல் தொடங்கிய ஆய்வு, காப்பகங்களில் இருந்த 136 மழலையரில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பல்லாண்டு கவனித்தது. குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவு வளர்ச்சியில் முந்தினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே போனவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். மேற்பார்வை தளர்ந்தால் இல்லமே ஆபத்தாகும் என்பதற்கும் சான்று தூரத்தில் இல்லை. மாமல்லபுரம் காப்பகம் ஒன்றில் நடந்த கொடுமை பற்றிய 2007-ஆம் ஆண்டுக் கடிதத்தில் தொடங்கிய வழக்கில், எல்லா இல்லங்களையும் பதிவுசெய்யும் வேலையை ஆண்டு முடிவதற்குள் முடிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2017 மே 5 அன்று உத்தரவிட்டது.

உறவினர் வீட்டில் பிள்ளை வேலைக்காரியாகிவிடாதா என்று கேட்பார்கள். நியாயமான அச்சம். பணத்தை வாங்கிக்கொண்டு ஆடு மேய்க்க அனுப்புவோரும், பதினைந்து வயதில் கல்யாணம் முடித்துவைப்போரும் இருக்கத்தான் செய்வார்கள். இதற்கு விடை கண்காணிப்பு. வளர்ப்புக் குடும்பங்களை மாதந்தோறும் ஆய்வு செய்ய 44-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. நிதி ஆதரவு பெறும் உறவினர் வீட்டுக்கும் அதே மாதப் பார்வை வேண்டும். பள்ளி வருகைப் பதிவைப் பார்த்து, பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும். அடுத்த கேள்வி: மலைக்கிராமத்தில் பள்ளி எங்கே, மருத்துவமனை எங்கே? படிப்புக்காக விடுதியில் தங்குவது வேறு, குடும்பமே இல்லாமல் வளர்வது வேறு. ஆசிரமப் பள்ளி எனும் உறைவிடப் பள்ளியில் படிக்கும் சோலிகப் பிள்ளைக்கு விடுமுறையில் திரும்பிப் போக ஒரு வீடும், தன் பேச்சைப் பேச ஒரு பாட்டியும் இருந்தால், பள்ளி அதன் உறவை அறுத்துவிடாது. எல்லா இல்லங்களையும் மூடிவிடச் சொல்வதும் சரியாகாது. சொந்த உறவினராலேயே பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளைக்கும், கடத்தல்காரர்களிடமிருந்து மீட்கப்பட்ட பிள்ளைக்கும் உடனடிப் புகலிடம் வேண்டும். இல்லங்கள் குறைவாகவும், சிறியதாகவும், திறந்த கதவோடும் இருக்கட்டும்.

மாதேஸ்வரன் மலை போன்ற இடத்துக்குத் தேவை இன்னொரு கட்டடம் அல்ல. மாவட்டக் குழந்தைகள் நலக்குழு மலைக்கே வந்து அமர்வு நடத்த வேண்டும். நூறு கிலோமீட்டர் போய் முறையிட ஒரு சோலிகப் பாட்டியால் இயலாது. விசாரிக்கும் பணியாளருக்குக் கன்னடத்தோடு தமிழும் சோலிகர் பேச்சும் புரிய வேண்டும். நிதி ஆதரவு விண்ணப்பத்தை ஊராட்சி அளவிலேயே வாங்க வேண்டும். பணம் தாமதமின்றி வர வேண்டும். அக்கம்பக்கத்தில் ஆதரவிழந்த பிள்ளையைக் கண்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள். அழைப்போடு நின்றுவிடாமல், அந்தப் பிள்ளைக்குப் பாட்டி இருக்கிறாரா, அத்தை இருக்கிறாரா என்பதையும் சொல்லுங்கள். இல்லத்துக்கு அன்னதானம் செய்ய நினைக்கும் கை, ஒரு பிள்ளையின் வளர்ப்புக் குடும்பமாகவும் முன்வரட்டும்.