அழுகை பாதியில் நிற்கும்போது

ஒன்றேகால் வயதுக் குழந்தை. கையில் வைத்திருந்த செல்போனை அப்பா வாங்கிவிட்டார். வீறிட்டு ஓர் அழுகை, அடுத்து இன்னொன்று. மூன்றாவதற்கு வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. திறந்த வாய் திறந்தபடியே நிற்கிறது. உதடு கருநீலமாகிறது, கண் மேலே செருகுகிறது, உடம்பு விறைத்துப் பிறகு துவண்டுபோகிறது. சில பிள்ளைகளுக்குக் கை கால் நாலைந்து முறை வெட்டி இழுக்கவும் செய்யும். பிறகு ஒரு பெருமூச்சு. முகத்தில் நிறம் திரும்புகிறது. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அதற்குள் ஒருவர் முகத்தில் தண்ணீரை அடித்திருப்பார், ஒருவர் பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிக் குலுக்கியிருப்பார், பாட்டி சாவிக் கொத்தைக் கையில் திணித்திருப்பார்.

“அழுதா அப்படியே மூச்சடைச்சுப் போயிடுது டாக்டர்” என்று சொல்லி வரும் தாய்மார்களைக் குழந்தை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். 1967-இல் பாஸ்டன் மருத்துவர்கள் லொம்ப்ரோசோவும் லெர்மனும் வெளியிட்ட ஆய்வின்படி, நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இது வந்திருக்கிறது. பெரும்பாலும் 6 மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் தொடங்கும். ஐந்தாறு வயதுக்குள் தானாக நின்றுவிடும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சிறுவயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு கூடுதல். பெரியவர்களிடம் கேட்டால், “இவங்க அப்பனும் இப்படித்தான் ஏங்கிப் போவான்” என்று பதில் வருவது அதனால்தான்.

பிள்ளை வேண்டுமென்றே மூச்சை அடக்குகிறது, பிடிவாதக்காரப் பிள்ளை என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். இது அந்தக் குழந்தைக்கு இழைக்கும் அநியாயம். ஒரு வயதுப் பிள்ளையால் நினைத்து மயங்க முடியாது. நடப்பது முழுக்க அனிச்சைச் செயல். நாம் மூச்சடக்கும்போது காற்றை இழுத்து நெஞ்சில் நிரப்பிக்கொள்கிறோம். இந்தக் குழந்தைக்கோ அழுது அழுது காற்றெல்லாம் வெளியேறிய கட்டத்தில் மூச்சு நின்றுவிடுகிறது. நுரையீரலில் கையிருப்பு இல்லை. உடல் எடைக்குக் கணக்குப் பார்த்தால் குழந்தை செலவழிக்கும் ஆக்சிஜன் பெரியவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால்தான் சில நொடிகளிலேயே நீலம் பாரிக்கிறது. மயங்கியதும் மூளைத்தண்டு மூச்சைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு மறுபடி ஓட்டிவிடுகிறது.

இன்னொரு வகையில் பிள்ளை நீலமாவதில்லை, வெளுத்துப்போகிறது. அழுகைகூடப் பெரிதாக இருக்காது. நடக்கும்போது விழுந்து தலையில் லேசாக அடிபடும், அல்லது திடுக்கிடும். உடனே முகம் வெளிறித் துவண்டுவிடும். இங்கே தடுமாறுவது இதயத் துடிப்பு. வேகஸ் என்னும் நரம்பு அளவுக்கு மீறிக் கடிவாளம் போட, துடிப்பு சட்டென்று குறைகிறது, சில நொடிகள் நின்றேகூடப் போகிறது. மூளைக்கு ரத்தம் குறைந்ததும் மயக்கம். இந்த வகைப் பிள்ளைகளில் சிலர் பெரியவர்களான பிறகு, ஊசியைக் கண்டாலோ வெயிலில் நின்றாலோ மயங்கி விழுவதுண்டு.

வலிப்பு என்று இதைத் தவறாக எண்ணி மாதக்கணக்கில் வலிப்பு மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகள் உண்டு. அந்த மருந்து இதை நிறுத்தாது. பிரித்தறிய வரிசையைக் கவனித்தால் போதும். மூச்சடைப்பில் முதலில் அழுகை அல்லது அடி, அடுத்து நிற மாற்றம், கடைசியில்தான் வெட்டி இழுத்தல். வலிப்பில் எந்தக் காரணமும் இல்லாமல், தூக்கத்தில்கூட, இழுப்பு முதலில் வரும், நீலம் பின்னால் வரும். அடுத்த முறை வரும்போது வீட்டில் ஒருவர் செல்போனில் வீடியோ எடுத்துவிட்டால், மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

அந்த ஒரு நிமிடத்தில் செய்ய வேண்டியது சொற்பம். பிள்ளையைச் சமதரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் சோறோ பிஸ்கட்டோ இருந்து கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். பதறித் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டால் மூளைக்குப் போகும் ரத்தம் இன்னும் குறையும், மயக்கம் நீளும். குலுக்குவது ஆபத்து. தண்ணீர் புகட்டக் கூடாது, பற்களுக்கு இடையே விரலையோ கரண்டியையோ நுழைக்கக் கூடாது. ஒரு நிமிடம் தாண்டியும் மூச்சு திரும்பாவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

இதை எழுதக் காரணமே இனிச் சொல்லப்போகும் ரத்தப் பரிசோதனைதான். ரத்தசோகைக்கும் இந்த மூச்சடைப்புக்கும் தொடர்பு இருப்பதை 1963-இலேயே அமெரிக்க மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். 1997-இல் ஜோர்டானில் மருத்துவர் தாவுதும் அவர் குழுவினரும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 67 குழந்தைகளில் 33 பேருக்கு 16 வாரம் இரும்புச்சத்து மருந்து, மற்ற 34 பேருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். இரும்பு பெற்றவர்களில் 17 பேருக்கு மூச்சடைப்பு அடியோடு நின்றது, 12 பேருக்குக் குறைந்தது. மற்ற தரப்பில் ஒருவருக்கும் நிற்கவில்லை. இரண்டு பேருக்கு மட்டும் குறைந்தது. இவ்வளவு விலை குறைந்த மருந்தில் இப்படியொரு வித்தியாசம் கிடைப்பது அபூர்வம். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்க இரும்பு வேண்டும். மூளை தன் நரம்புச் செய்திகளுக்கான ரசாயனங்களைத் தயாரிக்கவும் இரும்பு வேண்டும். மூச்சையும் துடிப்பையும் ஆளும் தானியங்கி நரம்புகள் இரும்புக் குறைவில் எளிதில் நிலைதடுமாறுகின்றன என்பதே இதற்கான விளக்கம்.

நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலில் உள்ள இரும்பு மட்டும் போதாது. பசும்பாலிலோ இரும்பு மிகமிகக் குறைவு. சோறு இறங்கவில்லை என்று நாளுக்கு முக்கால் லிட்டர் பால் புட்டியில் ஓடினால் பசி செத்துப்போகும், இரும்பு உள்ளே போக வழியே இருக்காது. கறிக்கடையில் சுவரொட்டி (மண்ணீரல்) கேட்டு வாங்கி மசித்துக் கொடுக்கும் வழக்கம் நல்ல வழக்கம். ஈரலும் நல்லது. கீரை, பயறு கொடுக்கும்போது எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டால் இரும்பு கூடுதலாகச் சேரும். ஆனாலும் குறைபாடு வந்துவிட்ட பிறகு உணவு மட்டும் ஈடுகட்டாது, மருந்து வேண்டும். அரசுத் திட்டத்தில் வாரம் இருமுறை ஒரு மில்லி கொடுக்கும் சிரப் குறைபாடு வராமல் தடுக்கத்தான். வந்த குறைபாட்டுக்கு எடையைப் பார்த்து மருத்துவர் சொல்லும் அளவு வேறு.

மயங்கிவிடுவானோ என்ற பயத்தில் கேட்டதையெல்லாம் கொடுத்துவிடும் பெற்றோரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கொடுக்கக் கூடாததை மறுத்துத்தான் ஆக வேண்டும். பசியும் தூக்கமும் தவறாமல் பார்த்துக்கொண்டு, அழத் தொடங்கும்போதே கவனத்தைத் திருப்பலாம். வந்து போன பிறகு அடிக்கவும் வேண்டாம், கேட்ட பொருளை நீட்டவும் வேண்டாம். அணைத்துக்கொண்டு விட்ட வேலையைத் தொடருங்கள். அங்கன்வாடி டீச்சருக்கும் தாத்தா பாட்டிக்கும் ஒருக்களித்துப் படுக்க வைக்கும் விதத்தை ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு வந்தாலும், அழுகையோ அடியோ இல்லாமல் வந்தாலும், ஓடியாடும்போது மயங்கி விழுந்தாலும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நடந்திருந்தாலும் தாமதிக்கக் கூடாது. பிறவியிலேயே வரும் சில இதயத் துடிப்புக் கோளாறுகளும் இதே வேடத்தில் வரும். ஓர் ஈசிஜி அதைக் காட்டிக்கொடுக்கும். மற்றவர்களுக்கும் முதல் முறை வந்ததுமே டாக்டரிடம் காட்டி ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்த்துவிடுவது நல்லது. இரும்பு டானிக் தொடங்கினால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பாலோடு கலந்து கொடுக்காதீர்கள். ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்திவிடாமல், உடம்பில் இருப்பு சேர மேலும் இரண்டு மூன்று மாதம் டாக்டர் சொல்படி கொடுங்கள். டானிக் பாட்டிலைப் பிள்ளை கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். அளவு மீறினால் இரும்பு விஷம்.