பனியில் கொதித்த எஞ்சின்

"ஏ.சி. ரூமில்தானே கம்ப்யூட்டர் இருக்கிறது, பிறகு ஏன் சூடாகிறது?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதிலுக்கு என் மாமாவின் லாரிக் கதையைச் சொல்வேன்.

மாமா ஓசூர் சிப்காட்டில் லோடு ஏற்றி வட இந்தியாவுக்குப் போய்வருபவர். ஒரு ஜனவரி மாதம் காஷ்மீரின் காஸிகுண்ட் அருகே இரவு முழுக்க லாரியை நிறுத்தும்படி ஆகிவிட்டது. வெளியே மைனஸ் 5 டிகிரி. காலையில் ஸ்டார்ட் செய்து கிளம்பிய சிறிது நேரத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. உடனே எனக்குப் போன். "மாப்ளே, வெளியே பனி கொட்டுது, உள்ளே எஞ்சின் கொதிக்குது! இது என்ன கூத்து?"

நடந்தது இதுதான். எஞ்சினில் உண்டாகும் சூட்டைத் தண்ணீர் சுமந்துகொண்டு ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே ஆறிவிட்டுத் திரும்புகிறது. ரேடியேட்டரில் தண்ணீர் உறைந்துவிட்டால் இந்தச் சுற்று நின்றுவிடும். பக்கத்திலேயே பனிக்கட்டி இருந்தும் எஞ்சினின் சூடு அங்கே போய்ச் சேர வழியில்லை.

வெடிப்பது ஏன்?

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். 10 லிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட 11 லிட்டர் இடம் கேட்கும். இரும்பு எங்கே விலகிக் கொடுக்கும்? ரேடியேட்டர் குழாய் பிளக்கலாம், எஞ்சின் பிளாக்கே விரிசல் விடலாம். மாமாவுக்கு ரேடியேட்டரோடு போயிற்று. பனி உருகியதும் எல்லாம் ஒழுகிவிட்டது.

தப்பு எங்கே? வழியில் குறையும்போதெல்லாம் கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார்.

கூலன்ட் என்ன செய்கிறது?

பெரும்பாலான கூலன்ட்டுகளில் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது. தண்ணீர் 0 டிகிரியில் உறையும்; தனிக் கிளைக்கால் சுமார் மைனஸ் 13-ல் உறையும். இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 வரை உறையாது! கிளைக்கால் நடுவில் புகுந்து, தண்ணீர் பனிக்கட்டியாகச் சேரவிடாமல் தடுக்கிறது. கொதிநிலையும் உயர்கிறது. அதில் சேர்த்துள்ள மருந்துகள் துருப்பிடிக்காமலும் காக்கின்றன. ஆகவே தண்ணீரே உறையாத ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும்கூட கூலன்ட் அவசியம். இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். குழந்தைகள் கையில் கிடைக்கக் கூடாது.

உங்கள் கம்ப்யூட்டரில்...

புராசஸர்தான் எஞ்சின். அதன் மேலுள்ள ஹீட் சிங்க்தான் ரேடியேட்டர். சூட்டைச் சுமந்து போவது ஃபேன் தள்ளும் காற்று. ஹீட் சிங்க்கில் தூசி அடைத்தால் காற்று நின்றுவிடும். அறை எவ்வளவு குளிர்ந்தாலும் புராசஸர் சூடாகும். முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பிறகு கம்ப்யூட்டர் தானாகவே ஆஃப் ஆகிவிடும். பலர் இதை வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்கிறார்கள்!

சில மாதங்களுக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டைத் திறந்து, ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, பிளோயரால் தூசியை ஊதுங்கள். கேபினட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

மாமா இப்போது லாரியில் எப்போதும் ஒரு கேன் கூலன்ட் வைத்திருக்கிறார். நீங்கள் ஒரு பிளோயர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.