நாய்க் காப்பகம் கட்டுவதற்கு முன்னால்

அம்பாறை மாவட்டத்தின் சாய்ந்தமருதுக் கடற்கரையில் கரைவலை ஏறியதும் முதலில் வருபவர் மீன் வியாபாரி. அவருக்குப் பின்னால் காகம், காகத்துக்குப் பின்னால் நாய். கழித்துப் போட்ட பொடிமீன், சந்தையில் அள்ளாமல் கிடக்கும் செதிலும் குடலும், இறைச்சிக் கடை ஓரத்துக் கொழுப்பு, கலியாண மண்டபத்தின் பின்பக்கம் கொட்டிய மிச்சச் சோறு என்று எல்லாமே அதற்குக் கிடைக்கிறது. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையான கரையோரத்தில் ஒரு தெருநாய் பட்டினி கிடக்கிறதென்றால் அது பெரும் சோம்பேறியாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த விருந்துக்கு மனிதர்கள் கொடுக்கும் விலையும் எல்லோருக்கும் தெரியும். சுபஹுத் தொழுகைக்கு நடக்கும் முதியவரைக் கூட்டமாக நாய்கள் மறிக்கின்றன. குர்ஆன் மதரசாவுக்குப் போகும் பிள்ளை பாதி வழியில் அழுதபடி திரும்பி வருகிறது. மோட்டார் சைக்கிளின் குறுக்கே ஒன்று பாய்கிறது. இப்படி ஏதாவது நடந்த மறுநாள் எழும் கோரிக்கை ஒன்றுதான்: “எல்லாத்தையும் புடிச்சு ஒரு இடத்துல போடுங்க.” அந்த ‘ஒரு இடம்’தான் நாய்க் காப்பகம். அதைக் கட்டிவிடலாம். அதற்குள் நாளாந்த வேலையை யார் செய்வது, அது இல்லாமல் செய்யக்கூடியது என்ன என்ற கேள்விகளுக்கு மற்ற ஊர்களின் அனுபவத்தில் பதில் இருக்கிறது.

இலங்கையில் விசர்நாய்க்கடிச் சட்டம் 1893ஆம் ஆண்டுக்குரியது. உரிமையாளர் இல்லாமல் பொது இடத்தில் திரியும் நாயைப் பிடித்து அழிக்க அது இடம் கொடுக்கிறது. நூறாண்டுக்கு மேலாக உள்ளூராட்சி மன்றங்கள் அதைத்தான் செய்தன. அப்படிச் செய்துகொண்டிருந்த காலத்திலேயே, 1973இல், ஒரே ஆண்டில் 377 பேர் விசர்நோயால் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை பெரும்பாலும் 20க்கும் 30க்கும் இடையில் நிற்கிறது. இந்த இறக்கத்தின் பெரும் பங்கு நாய்களுக்கு ஏற்றிய தடுப்பூசியையும், கடிபட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைத்த ஊசியையும் சேரும். 2006இல் அன்றைய சனாதிபதி மகிந்த ராஜபக்ச நாய்களைக் கொல்வதை நிறுத்தும் கொள்கையை அறிவித்தார். அதன் பின்னர் கருத்தடையும் தடுப்பூசியும்தான் அரசின் வழி. பழைய சட்டம் ஏட்டில் இருக்கிறது.

கொல்வதால் நாய் குறையாது என்பதை நெடுங்காலம் அனுபவித்த நகரம் சென்னை. மாநகராட்சி 19ஆம் நூற்றாண்டிலேயே நாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது. பிற்காலத்தில் கொன்ற நாய்களின் தொகை எவ்வளவு பெருகியதென்றால், மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாய்த்தோலில் கழுத்துப்பட்டியும் பணப்பையும் வடிவமைத்துப் பார்த்தது என்று புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். அவருடைய தந்தை, விமானியான கேப்டன் வி. சுந்தரம், 1959இல் தியாகராய நகர் வீட்டில் தொடங்கிய முயற்சிதான் இன்றைய புளூ கிராஸ். அமைப்பு 1964இல் பதிவானது. கொல்வதை விட்டுக் கருத்தடை செய்யுங்கள் என்று அந்த ஆண்டிலிருந்தே அவர்கள் மாநகராட்சியிடம் சொல்லி வந்தார்கள். மாநகராட்சி இணங்கியது 1996இல். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வேண்டுகோளைத் தூக்கிக்கொண்டு படியேறிய தன்னார்வலர்களின் பொறுமையைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

கருத்தடை ஏன் வேலை செய்கிறது? ஒரு தெருவில் எத்தனை நாய் இருக்கும் என்பதை அங்கே கிடைக்கும் தீனியும் ஒதுங்கும் இடமும் தீர்மானிக்கின்றன. பத்து நாயைத் தூக்கிவிட்டால் தீனி மிச்சமாகிறது. அடுத்த தெரு நாய் அங்கே வருகிறது, வந்தது குட்டி போடுகிறது. ஒரு பெட்டைக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள்தான், ஆண்டுக்கு இரண்டு தடவைகூட ஈனும். அதே பத்து நாய்க்கும் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டால் அவை தம் எல்லையைக் காத்துக்கொண்டு புதியவற்றை எளிதில் உள்ளே விடாது. ராஜஸ்தானின் ஜெய்ப்பூரில் 1994இல் தொடங்கிய திட்டத்தை ஆய்வு செய்தபோது, எட்டு ஆண்டுகளில் நாய்த்தொகை 28 வீதம் குறைந்திருந்தது. திட்டம் நடந்த பகுதியில் மனித விசர்நோய் இல்லாமல் போயிருந்தது. கொழும்பிலும் மாநகர சபையும் புளூ பாவ் அறக்கட்டளையும் 2007 முதல் இதே வழியில் இறங்கின. 2006இல் 40ஐத் தாண்டியிருந்த நாய்களின் விசர்நோய்த் தொகை சில ஆண்டுகளில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது.

இந்தியாவில் இந்த விவாதம் இன்னும் சூடாகவே இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 11ஆம் திகதி டெல்லித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதினொரு நாளில் அதைத் திருத்தி, விசர்நோயும் மூர்க்கமும் இல்லாதவற்றைக் கருத்தடைக்கும் ஊசிக்கும் பிறகு பழைய இடத்திலேயே விடச் சொன்னது. இத்தனை இலட்சம் நாயை எங்கே வைப்பது, யார் தீனி போடுவது என்ற கேள்விக்கு முன்னால் எந்த நகரமும் திணறத்தான் செய்யும்.

சிறிய கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். நாயொன்றுக்கு நாளைக்கு அரைக் கிலோ சமைத்த உணவு என்று வைத்தால்கூட, நூறு நாய்க்கு 50 கிலோ. அதை ஆண்டு முழுவதும், மழையிலும் பெருநாளிலும், ஒரு வேளையும் தவறாமல் ஆக்கிப் போட வேண்டும். நாய் பத்து ஆண்டு வாழும். காப்பகம் திறந்த செய்தி பரவியதும் வாசலில் பெட்டியில் குட்டிகளை வைத்துவிட்டுப் போகிறவர்கள் வரிசையாக வருவார்கள். நூறு இருநூறாவதற்கு அதிக காலம் பிடிக்காது. நெருக்கம் கூடினால் பார்வோ வைரஸ் வரும். குட்டிகளுக்கு இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் அந்த நோய் ஒரு கூண்டில் நுழைந்தால் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே காப்பகத்தின் முதல் வேலை கொஞ்சுவது அல்ல, கழுவுவது. காலையில் கூட்டி, குளோரின் கரைசல் விட்டு, காய விட்டு, புதிதாக வந்த நாயை இரண்டு வாரமாவது தனியே வைத்து, அதற்குப் பயன்படுத்திய வாளியை மற்றக் கூண்டுக்குக் கொண்டு போகாமல் பார்ப்பது. சனிக்கிழமை வந்து படம் எடுத்துக்கொண்டு போகும் ஆர்வலர் இதில் உதவமாட்டார். வாரத்தில் ஒரே ஒரு நாள், சொன்ன நேரத்துக்கு, ஓராண்டு தொடர்ந்து வருபவர்தான் தேவைப்படுகிறார்.

இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்டு நடக்கும் இடங்களும் உள்ளன. ஆறு. திருமுருகன் தலைமையிலான சிவபூமி அறக்கட்டளை கிளிநொச்சி மாவட்டத்தின் இயக்கச்சியில் நாய்கள் சரணாலயம் ஒன்றை நடத்துகிறது. முதியோரையும் விசேட தேவையுள்ள பிள்ளைகளையும் பராமரித்துவரும் அமைப்பு, கைவிடப்பட்ட நாயையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. அங்கே நிலம் இருக்கிறது. கல்முனை மாநகரத்தில் அது இல்லை. 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய கீற்றில் வீடு ஒட்டி வீடாக வாழும் ஊர் இது. மதிலுக்கு மறுபக்கம் இருநூறு நாய் இரவெல்லாம் குரைப்பதை எந்த வட்டாரம் ஒப்புக்கொள்ளும்?

கல்முனைக்குப் பொருந்துவது சிறிய இடம். காயம்பட்டதும் அறுவைக்குப் பின் தேற வேண்டியதுமான நாய்கள் சில நாள் தங்கிப் போகும் பத்துப் பன்னிரண்டு கூண்டுகள் போதும். அதைவிட முக்கியம், வெளியே தெருவில் வேலை செய்யும் ஆட்கள்.

இந்த இடத்தில் மார்க்கக் கேள்வி வரும், அதைச் சுற்றிப் போகத் தேவையில்லை. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் (சட்ட மரபில்) நாய் கடுமையான நஜீஸ் (அசுத்தம்). ஈரமாகப் பட்டால் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவ வேண்டும். உலர்ந்த உடம்பில் உலர்ந்த கை பட்டால் அசுத்தம் ஒட்டாது என்பதும் அதே மத்ஹபின் சட்டம்தான். மாலிகி மத்ஹபில் நாயைச் சுத்தமான உயிராகவே கருதுகிறார்கள். வேட்டைக்கும் மந்தைக்கும் பயிர்க் காவலுக்கும் நாய் வைத்திருக்க நபிமொழி அனுமதிக்கிறது. குகைவாசிகளின் வாசலில் படுத்திருந்த நாயைக் குர்ஆனின் கஹ்ஃப் அத்தியாயம் குறிப்பிடுகிறது. தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கி, தோல் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவர் மன்னிக்கப்பட்ட சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் கொன்றவள் நரகம் போனாள் என்பதை மதரசாப் பிள்ளையும் சொல்லும். கழுவும் சட்டம் கழுவுவதைப் பற்றியது. கல்லெறிவதற்கு அதில் எந்த ஆதாரமும் கிடையாது.

இந்தச் சிக்கலை நேரடியாகத் தொட்டுப் பார்த்தவர்கள் மலேசிய முஸ்லிம்கள், அவர்களும் பெரும்பாலும் ஷாபிஈக்களே. 2014 ஒக்டோபரில் கோலாலம்பூருக்கு அருகே ஒரு முஸ்லிம் மருந்தாளர் நாயைத் தொட்டுப் பழகும் நிகழ்ச்சி ஒன்றை ஏற்பாடு செய்தார். நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். தொட்ட பிறகு மார்க்க முறைப்படி எப்படிக் கழுவுவது என்றும் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். மார்க்க அதிகாரிகள் கண்டித்தார்கள், ஏற்பாட்டாளருக்குக் கொலை மிரட்டல்கூட வந்தது. இன்னொரு பக்கம் இஸ்தான்புல். உஸ்மானியர் காலத்தில் தெருநாய்க்குத் தீனி வைப்பது தர்மமாக இருந்த நகரம் அது. 1910இல் நகரை நவீனமாக்குகிறோம் என்று பல்லாயிரம் நாய்களைப் பிடித்து மர்மராக் கடலின் பாறைத் தீவொன்றில் விட்டார்கள். தண்ணீரும் தீனியும் இல்லாமல் அவை செத்தன. ஊரார் மனதில் அது பாவமாகவே தங்கியது.

கல்முனையில் மலேசியர் செய்ததைச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. இந்த வேலையின் பெரும்பகுதிக்கு நாயைத் தொடவே வேண்டாம். தடுப்பூசி முகாமொன்றை எடுத்துக்கொள்வோம். ஊசி போடுபவர் பயிற்சி பெற்ற ஒருவர். பிடிப்பவர்கள் இரண்டு பேர், கையுறையும் பூட்ஸும் போட்டவர்கள். மீதி எல்லாம் சாதாரண வேலை. எந்த ஒழுங்கையில் எத்தனை நாய், எந்த வீட்டின் சோற்றில் வளர்கிறது, எந்தப் பெட்டை சினையாக இருக்கிறது என்று முதல்நாள் ஒரு பட்டியல் வேண்டும். இதை அந்த ஒழுங்கைப் பெண்களைவிடத் துல்லியமாக எந்த அதிகாரியும் எழுதமாட்டார். ஊசி மருந்தின் குளிர்ப்பெட்டியை வெயில் படாமல் ஆட்டோவில் கொண்டுவர வேண்டும். ஊசி போட்ட நாய்க்குக் கழுத்தில் நிறப் பட்டி கட்டியதும் பதிவேட்டில் குறிக்க வேண்டும். வேடிக்கை பார்க்கும் சிறுவர்களை விலக்கி வைக்க வேண்டும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் நேரத்தை அறிவிக்க வேண்டும். நாய்களில் 70 வீதத்துக்கு ஊசி ஏறினால் விசர்நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. குட்டி என்று விட்டுவிடக்கூடாது, அதற்கும் ஊசி உண்டு. ஒரு தடவையோடு முடியாது, ஆண்டுதோறும் போட வேண்டும்.

ஆள் இல்லை என்று மட்டும் இந்தக் கரையோரம் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டபோது, வெளியுதவி வந்து சேரும் முன்னமே மையித்துகளை (சடலங்களை) தேடி எடுத்து அடக்கியவர்களும் பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் தங்கியவர்களுக்குச் சோறு ஆக்கியவர்களும் பக்கத்து ஊர் வாலிபர்கள்தான். பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் விளையாட்டுக் கழகங்களும் மாதர் சங்கங்களும் இன்றும் இருக்கின்றன. பாண்டிருப்பு, நீலாவணை ஆகிய தமிழ் ஊர்களின் கோயில் சபைகளும் இதில் சேர வேண்டும். நாய்க்கு ஊர் எல்லை தெரியாது.

குப்பையைச் சரிசெய்யாமல் எத்தனை நாய்க்குக் கருத்தடை செய்தாலும் பாதி வேலைதான். இந்தக் கரையோர ஊர்களின் கழிவு போய்ச் சேரும் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் செத்ததாக 2022 ஜனவரியில் உலகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. யானை செத்தால் செய்தியாகிறது. அதே கழிவு மேட்டுக்குப் போகும் முன் சந்திச் சந்தியாகக் கிடந்து நாயை வளர்ப்பது செய்தியாவதில்லை. ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யா (குர்பான்) முடிந்ததும் குடலையும் தோலையும் ஆழக் குழி தோண்டிப் புதைக்க ஒவ்வொரு மஹல்லாவிலும் நாலு பேர் பொறுப்பெடுத்தால், அடுத்த வார நாய்க் கூட்டமும் சண்டையும் கடியும் பெருமளவு தவிரும். செலவு ஒரு மண்வெட்டி.

இதில் இறங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாயோடு நெருங்கி வேலை செய்யப் போகிறவர் முதலில் தனக்கு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்: முதலில் ஒன்று, அதிலிருந்து ஏழு நாள் கழித்து இன்னொன்று. தெருநாயைத் தாமாகப் பிடிக்க முயலக்கூடாது. போக வேண்டிய இடம் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை அல்லது அரச கால்நடை வைத்திய அலுவலகம். கையில் உங்கள் ஒழுங்கையின் நாய்ப் பட்டியலோடு போங்கள். யாராவது கடிபட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பச்சிலையும் சுண்ணாம்பும் தடவாமல் அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். நோயின் அறிகுறி தெரியத் தொடங்கிய பிறகு அதற்கு மருந்து கிடையாது.