பிரிட்ஜ் ஆட்டத்தில் முதற்சீட்டு

பிரிட்ஜ் ஆட்டத்தில் 52 சீட்டுகளுள் ஒன்று மாத்திரமே, ஆடுவோர் தம் கையிலுள்ள 13 சீட்டுகளையன்றி வேறெதனையுங் காணாத நிலையில் இறக்கப்படுகின்றது. ஒப்பந்தக்காரரின் இடப்புறத்தே அமர்ந்திருப்பவர் இறக்கும் முதற்சீட்டே அது. அதன் பின்னரே ஒப்பந்தக்காரருடைய சோடியின் கை மேசைமீது விரிக்கப்படும். ஆதலின் ஏனையோர் பாதிச் சீட்டுகளைக் கண்டு ஆட, இவர் ஒருவர் இருளிலே கைநீட்ட வேண்டியவராகின்றார்.

எனினும் அவ்விருள் முழு இருளன்று. கேள்வி கேட்கும்போது எதிரிகள் கூறியதும் கூறாது விட்டதும் சான்றுகளாம். எதிரிகளுள் ஒருவர் துரும்பின்றி ஒன்று எனக் கேட்க, மற்றவர் உடனே துரும்பின்றி மூன்று என உயர்த்தினாராயின், அவர் ஆடுதனையும் ஸ்கோப்பனையும் (இவை ஒல்லாந்தர் வழிவந்த பெயர்கள்) நாடவில்லை என்பது தெளிவு. அவ்வினங்களில் ஒன்றை இறக்குதலே பெரும்பாலும் தக்கது.

எவ்வினம் என்பது துணியப்பட்டபின், அவ்வினத்துள் எச்சீட்டு என்பது அடுத்த வினா. இராசா, இராணி, வீரன் எனத் தொடர்ந்திருப்பின் தலைச்சீட்டை இறக்குவர். தொடர்ச்சியில்லா நீண்ட இனமாயின் மேலிருந்து நான்காவதை இறக்குவர். இது வெறும் வழக்கமன்று. சோடிக்கு விடுக்கும் செய்தி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபொஸ்டர் என்பார் விஸ்ட் ஆட்டத்திற்கு வகுத்த பதினொன்றின் விதி இச்செய்தியை வாசிக்கும் முறையாகும். ஆசினை 14 எனக் கொண்டால், ஒரு சீட்டிற்கு மேற்பட்டவை 14இலிருந்து அச்சீட்டின் எண்ணைக் கழித்த தொகை. அவற்றுள் மூன்று இறக்கியவரிடம் உள. எனவே 11இலிருந்து கழிக்க, ஏனைய மூன்று கைகளிலும் உள்ள உயர்சீட்டுகளின் தொகை கிடைக்கும்.

துரும்பின்றி மூன்று என்னும் ஒப்பந்தத்தில் ஆடுதன் 7 இறக்கப்பட்டதாகக் கொள்வோம். மேசையில் இராணி, 10, 5; சோடியின் கையில் ஆசு, 8, 2. 11இல் 7 போக எஞ்சுவது 4. அந்நான்கும் இவ்விரு கைகளிலேயே உள. ஒப்பந்தக்காரரிடம் 7இற்கு மேல் ஒன்றுமில்லை! மேசையிலிருந்து 5 விழுந்தால், சோடி ஆசினை வீசாது 8இனாலேயே பிடிப்பார். பின் ஆசு, அதன்பின் 2. இறக்கியவரிடம் எஞ்சிய இராசா, வீரன், 9 ஆகியன மேசையின் இராணியை வீழ்த்தி, ஐந்து பிடிகளையும் நிறைவாக்கும், ஒப்பந்தம் முறியும். கணக்கறியாது முதலிலேயே ஆசினை வீசுவாராயின், இராணியோ பத்தோ ஒரு பிடியைப் பெற்றுவிடும்.

துரும்புள்ள ஆட்டத்தில் நிலை வேறு. ஒற்றைச் சீட்டை இறக்கிப் பின்னர் துரும்பால் வெட்ட எண்ணுதல் ஒரு வழி. மேசைக்கை வெட்டக்கூடும் எனத் தோன்றின் துரும்பையே இறக்கி அதனைக் குறைத்தல் மற்றொன்று.

பழைய விதிகள் அண்மையில் கணினியாற் சோதிக்கப்பட்டன. டேவிட் பேர்ட், தாஃப் அந்தியாஸ் ஆகியோர் 2011இலும் 2012இலும் வெளியிட்ட இரு நூல்கள், கணினி ஆடிய பல்லாயிரங் கைகளைக் கொண்டு எழுந்தவை. மேற்கூறிய துரும்பின்றி மூன்று கேள்விக்கு எதிரே, வலுவற்ற நீண்ட கலாவரையின் நான்காம் சீட்டினும் குறுகிய ஸ்கோப்பனோ ஆடுதனோ பலகால் மேலென அவர்கள் கண்டனர். ஆயின் கணினி நான்கு கைகளையும் கண்டு ஆடுகின்றது. மேசையிலிருக்கும் மனிதரோ ஐயுற்றும் பிழைத்தும் ஆடுபவர். அவ்வேறுபாட்டைக் கருதாது அம்முடிபுகளை அப்படியே கொள்ளுதல் தகாது.