உப்பு எங்கே போச்சு?

ஒரு ஃபோல்டர் பேரு, மூணு நாள் கூலியை முழுங்கின கதை!

‘எக்செல் மேக்ரோ எழுதத் தெரியும்’னு உங்க ரெஸ்யூமில் ஒரு வரி இருக்கா? இதைப் படிச்சிட்டு, அந்த வரியை வெச்சுக்கலாமா, அழிச்சிடலாமான்னு முடிவு பண்ணுங்க. என் ரெஸ்யூமிலும் அந்த வரி கம்பீரமா இருந்தது, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்!

எங்க ஊர் ஆறுமுகநேரி. நெல்லையில் இருந்து திருச்செந்தூர் போற ரயிலில், காயல்பட்டினத்துக்கு முந்தின ஸ்டேஷன். ஊரைத் தாண்டினா உப்பளம்தான். என் சித்தப்பா அதில் ஒரு அளத்துல கணக்கப்பிள்ளை. வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சா பாத்தியெல்லாம் தண்ணி. அப்புறம் அங்கே வேலை கிடையாது. அதனால சீசனில் கிடைக்கிற ஒவ்வொரு நாள் கூலியும் மழை மாசத்துக்கும் சேர்த்துதான்.

வாராவாரம் சனிக்கிழமை சம்பளம். யார் யார் எத்தனை நாள் வேலை பார்த்தாங்கன்னு சித்தப்பா தனித்தனி எக்செல் ஃபைலில் போட்டு வைப்பார். சனிக்கிழமை எல்லாத்தையும் ஒவ்வொண்ணா திறந்து, ஒரே ஷீட்டில் கூட்டி எழுத மூணு மணி நேரம் ஆகும். ‘இஞ்சினீயரிங் படிக்கிற பய, இதுக்கு ஒரு வழி பண்ண மாட்டியாடே?’ன்னு கேட்டார். விடுவோமா? ஹாஸ்டலில் ஒரே ராத்திரியில் மேக்ரோ ரெடி. பட்டனை அமுக்கினா எல்லா ஃபைலையும் அதுவே திறக்கும், கூட்டும், மூடும். சூப்பர்ல?

முதல் சொதப்பல்

ஊருக்கு வந்து சித்தப்பா கம்ப்யூட்டர்ல போட்டு பட்டனை அமுக்கினா, ‘ஃபைலைக் காணோம்’னு பல்லைக் காட்டுது. காரணம் சிம்பிள். ஃபைல் எங்கே இருக்குன்னு நான் முழு முகவரியையும் மேக்ரோவுக்குள்ளேயே எழுதி வெச்சிருந்தேன். சி டிரைவ், அதுக்குள்ளே யூசர்ஸ், அதுக்குள்ளே என் பேரு, அதுக்குள்ளே டெஸ்க்டாப். சித்தப்பா கம்ப்யூட்டர்ல என் பேருக்கு என்ன வேலை?

இது பழைய வியாதி, பாஸ். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துல அந்த இடத்தில் ‘டாகுமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’னு ஒரு ஃபோல்டர் இருந்தது. 2007-ல் கடைகளுக்கு வந்த விஸ்டாவில் அது ‘யூசர்ஸ்’ ஆயிடுச்சு. பழைய முகவரியை நம்பியிருந்த மேக்ரோ எல்லாம் வீடு மாறினவனுக்குப் போட்ட லெட்டர் மாதிரிதான்.

மருந்து என்ன? ‘திஸ்ஒர்க்புக் டாட் பாத்’. மேக்ரோ எந்த ஃபைலுக்குள்ளே இருக்கோ, அந்த ஃபைல் இருக்கிற ஃபோல்டரை அதுவே சொல்லிடும். அங்கேயிருந்து கிளம்பினா எந்த கம்ப்யூட்டருக்குத் தூக்கிட்டுப் போனாலும் கவலையில்லை. கடைசியில் அந்தச் சாய்ஞ்ச கோடு \ மட்டும் வராது, அதை நாமதான் சேர்க்கணும். ‘ஆக்டிவ்ஒர்க்புக்’னு எழுதினா மாட்டிக்குவீங்க. அது அந்த நேரத்துல முன்னாடி எந்த ஃபைல் நிக்குதோ, அதைச் சொல்லும்.

மாத்தினேன், ஓடிச்சு. டீக்கடையில் சித்தப்பா என்னைப் பத்தி நாலு பேர்கிட்ட பெருமையா பேசினார். நாலு வாரம் நான்தான் ஹீரோ!

அஞ்சாவது வாரம்

அந்தச் சனிக்கிழமை நானும் அளத்து ஷெட்டில்தான் இருந்தேன். சம்பளம் வாங்கின ஒரு அக்கா பணத்தை எண்ணிட்டு, அங்கேயே நின்னாங்க. ‘தம்பி, மூணு நாள் லோடு ஏத்துனது இதுல வரல்லியே’ன்னாங்க.

‘கம்ப்யூட்டர் போட்ட கணக்கு அக்கா, தப்பு வராது.’ சொன்னது வேற யாரும் இல்ல, நான்தான்.

அக்கா ஒண்ணும் சண்டை போடலை. இடுப்பில் இருந்த சுருக்குப்பையை எடுத்து, மடிச்சு வெச்சிருந்த மூணு காலண்டர் தாளை மேஜை மேலே வெச்சாங்க. லோடு ஏத்தின அன்னைக்கெல்லாம் தினக் காலண்டரில் கிழிச்ச தாளைத் தூக்கிப் போடாம சேர்த்து வைக்கிறது அவங்க வழக்கமாம். படிக்கத் தெரியாதவங்க. ஆனா மூணு தாள், மூணு நாள். சித்தப்பா நோட்டைப் புரட்டினார். அக்கா சொன்னதுதான் சரி. அவங்க மட்டும் இல்ல, லோடு ஏத்தின ஆறு பேருக்குமே அந்தக் கூலி விடுபட்டிருந்தது. மத்த அஞ்சு பேரும் ‘கம்ப்யூட்டர் கணக்கு’ன்னு வாங்கிட்டு வீட்டுக்கே போயிட்டாங்க.

மேக்ரோ எரர் காட்டலை. நிக்கலை. ‘முடிந்தது’ன்னு சந்தோஷமா மெசேஜ் வேற போட்டது!

அஞ்சு கேள்விக்குறி

ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு வரியா ஓட்டிப் பார்த்தேன். லோடு வேலைக்குன்னு சித்தப்பா அந்த வாரம் புதுசா ஒரு ஃபோல்டர் திறந்திருக்கார். மத்த ஃபோல்டர் பேரெல்லாம் நான் இங்கிலீஷில் வெச்சது. இதுக்கு அவர் அழகா தமிழ்ல ‘உப்பு’ன்னு பேர் வெச்சிருக்கார். அந்தப் பேர் என் மேக்ரோ கண்ணுக்கு எப்படித் தெரிஞ்சது தெரியுமா? ‘?????’

ஏன் அஞ்சு? உ, ப, புள்ளி, ப, உகரக் குறி. யூனிகோடில் ‘உப்பு’ங்கிறது அஞ்சு துண்டு. துண்டுக்கு ஒரு கேள்விக்குறி!

ஃபோல்டருக்குள்ளே என்னென்ன இருக்குன்னு பார்க்க, மேக்ரோவில் எல்லாரும் முதல்ல கத்துக்கிறது ‘டிர்’ங்கிற கட்டளை. மேக்ரோ மொழியான விபிஏ எக்செல்லுக்குள்ளே வந்தது 1993-ல். ‘டிர்’ பேரைக் கொண்டு வரும்போது பழைய ‘ஆன்சி’ பட்டியல் வழியாத்தான் கொண்டு வரும். இங்கிலீஷுக்கு உள்ள பட்டியலில் மொத்தமே 256 இடம். ரஷ்ய மொழிக்கு, கிரேக்க மொழிக்கு எல்லாம் விண்டோஸில் தனிப் பட்டியல் உண்டு. தமிழுக்குக் கிடையவே கிடையாது. விண்டோஸ் 2000-ல் தமிழ் உள்ளே வந்தபோதே நேரா யூனிகோடாத்தான் வந்தது. அதனால் சாதாரண செட்டிங்கில் ‘டிர்’ ஒரு தமிழ் எழுத்தைப் பார்த்தா, இடம் இல்லாம ஒரு கேள்விக்குறியைப் போட்டுட்டுப் போயிடும்.

எக்செல் கட்டத்துக்குள்ளே தமிழ் ஜம்முனு தெரியும். மேக்ரோ எழுதுற ஜன்னலில் தமிழ்ல டைப் அடிச்சாலோ மறுபடி கேள்விக்குறிதான். ‘மெசேஜ் பாக்ஸ்’லயும் அதே கதை.

சரி, ‘?????’னு ஒரு ஃபோல்டர் இல்லவே இல்லையே, எரர் வந்திருக்கணுமே? வந்திருக்கும். ஆனா மேக்ரோவோட முதல் வரியில் நான் ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’னு எழுதியிருந்தேன். ‘தப்பு வந்தா கண்டுக்காதே, அடுத்த வரிக்குப் போ’ன்னு அர்த்தம். எங்கேயோ பார்த்து காப்பி அடிச்ச வரி. ஆறு பேர் கூலி அந்த ஒரு வரிக்குள்ளேதான் மாட்டியிருந்தது.

யார் மாறணும்?

சித்தப்பாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். ‘அப்போ தமிழ்ல பேரு வைக்கக் கூடாதாடே?’ன்னு கேட்டார். ‘ஆமா, இங்கிலீஷிலேயே வெச்சுக்கோங்க’ன்னு சொல்லியிருந்தா ஒரு நிமிஷத்துல வேலை முடிஞ்சிருக்கும். ஆனா உப்பு ஃபைலை ‘உப்பு’ன்னு வெச்சது அவர் தப்பா? தப்பு என்னோடது. நான் மேக்ரோவை மாத்தினேன்.

‘டிர்’ருக்குப் பதிலா ‘ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட்’. இது தமிழ்ப் பேரைச் சேதாரம் இல்லாம கொண்டு வந்துடும். கொண்டு வந்த பேரை எக்செல் கட்டத்துல எழுதினா தமிழ்லயே தெரியும். திறந்து படிக்கிறதுலயும் பிரச்னை இல்லை.

ரெண்டு நாள் கழிச்சு ஆறு பேருக்கும் பாக்கிக் கூலி போய்ச் சேர்ந்தது. நானே கூடப் போய்க் கொடுத்தேன். அந்த அக்கா வாங்கிட்டு, ‘இப்ப கம்ப்யூட்டரு சரியாச் சொல்லுதா தம்பி?’ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. காலேஜ் வைவாவில்கூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை!

நோட் பண்ணிக்கோங்க!

* புதுசா ஒரு ஃபைலைத் திறந்து, சேவ் பண்றதுக்கு முன்னாடியே ‘திஸ்ஒர்க்புக் டாட் பாத்’ கேட்டா வெறுமையாத்தான் வரும். முதல்ல சேவ்!

* ஃபைல் பேரை மட்டும் கொடுத்து ‘திற’ன்னு சொல்லாதீங்க. எக்செல் அந்த நேரத்துல எந்த ஃபோல்டரில் நிக்குதோ, அங்கேதான் தேடும். நடுவுல யாராவது வேற இடத்துல ஃபைல் திறந்தா அதுவும் மாறிடலாம்.

* ஒன்டிரைவில் இணைஞ்ச ஃபோல்டரா? ‘பாத்’ கேட்டா டிரைவ் பேருக்குப் பதிலா இணைய முகவரி வரலாம். ‘டிர்’ அங்கே பலிக்காது.

* ஃபோல்டருக்குள்ளே ஃபோல்டர்னு அடுக்கிட்டே போகாதீங்க. முகவரியும் ஃபைல் பேரும் சேர்ந்து 218 எழுத்தைத் தாண்டினா எக்செல் மக்கர் பண்ணும்.

* இடம் நிச்சயமா தெரியலையா? யூஸ் பண்றவங்களையே கேளுங்க. ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்கிற ஜன்னலைத் திறந்து காட்ட எக்செல்லிலேயே வசதி இருக்கு.

* ரொம்ப முக்கியம்: ஃபோல்டரில் எத்தனை ஃபைல் இருந்தது, எத்தனை திறந்ததுன்னு ரெண்டையும் எண்ணுங்க. இடிச்சா மேக்ரோ அங்கேயே நிக்கணும், சத்தம் போடணும்.

என் மேக்ரோ இப்போ சம்பள ஷீட்டுக்கு மேலேயே ‘இருந்தது 9, படித்தது 9’னு காட்டுது. சித்தப்பா அதைப் பார்த்துட்டுத்தான் பணத்தை எண்ணுவார். அக்கா இப்பவும் காலண்டர் தாளைச் சேர்த்து வைக்கிறாங்க. அதுவும் இருக்கட்டும்னு நானே சொல்லிட்டேன்.

ரெஸ்யூம் என்னாச்சுன்னு கேக்குறீங்களா? அந்த வரியை அழிக்கலை. ‘தெரியும்’ங்கிறதை மட்டும் ‘கத்துக்கிட்டிருக்கேன்’னு மாத்தியிருக்கேன்!