இறைச்சி விற்பனையாளர் சங்க மாளிகை, ஹில்டெஸ்ஹைம்

இறைச்சி விற்பனையாளர் சங்க மாளிகை என்பது ஜெர்மனியின் கீழ் சாக்சனி மாநிலத்தில், ஹில்டெஸ்ஹைம் நகரின் சந்தைச் சதுக்கத்தில் உள்ள மரச்சட்டகக் கட்டடமாகும். ஜெர்மன் மொழியில் இது 'க்னோகன்ஹவர் அம்ட்ஸ்ஹவுஸ்' எனப்படுகிறது. 'க்னோகன்ஹவர்' என்பதற்கு 'எலும்பு வெட்டுபவர்' என்பது நேர்ப்பொருள். வட ஜெர்மனியில் இறைச்சி விற்பவர்களுக்கு வழங்கிய பழைய பெயர் இது. உலகின் அழகான மரச்சட்டக வீடுகளுள் ஒன்றாக இது போற்றப்படுகிறது.

அமைப்பு

இம்முறையில் ஓக் மரத் தூண்களும் உத்தரங்களும் ஒன்றோடொன்று செருகப்பட்டு, மர ஆணிகளால் இறுக்கப்படுகின்றன. சட்டங்களின் இடைவெளி செங்கல்லாலோ களிமண்ணாலோ நிரப்பப்படுகிறது. கட்டடத்தின் பாரத்தைத் தாங்குவது சுவரன்று, மரச்சட்டமே. சுமார் 26 மீட்டர் உயரமுள்ள இம்மாளிகையின் மேல்தளங்கள், கீழ்த்தளங்களைவிடச் சற்று முன்னே நீண்டிருக்கின்றன. உத்தரங்களில் வண்ணம் தீட்டிய மரச்செதுக்குகள் உள்ளன.

வரலாறும் பயன்பாடும்

1529இல் இறைச்சி விற்பனையாளர் சங்கம் இதைக் கட்டியது. கீழ்த்தளத்தில் இறைச்சி விற்கப்பட்டது. மேலே சங்கம் கூடியது. 1884இல் ஏற்பட்ட தீவிபத்தில் மேற்பகுதி சேதமடைந்து, பின்னர் சீரமைக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டடத்தில் அருங்காட்சியகம் அமைந்தது.

இரண்டாம் உலகப் போரில், 1945 மார்ச் 22 அன்று நடந்த வான்குண்டுவீச்சில் பழைய நகரின் பெரும்பகுதியுடன் இம்மாளிகையும் எரிந்து அழிந்தது. ஐரோப்பாவில் போர் முடிய அப்போது ஏழு வாரங்களே இருந்தன. 1960களில் அதே இடத்தில் நவீன பாணியிலான விடுதி ஒன்று எழுந்தது.

மீள்கட்டுமானம்

பழைய மாளிகை வேண்டும் என்ற கோரிக்கை நகர மக்களிடையே வலுத்தது. நன்கொடைகளும் திரட்டப்பட்டன. விடுதி இடிக்கப்பட்டு, 1987 முதல் 1989 வரை, பழைய ஒளிப்படங்களையும் வரைபடங்களையும் கொண்டு, ஓக் மரத்தாலும் மர ஆணிகளாலும் மாளிகை மீண்டும் கட்டப்பட்டது. இன்று கீழ்த்தளத்தில் உணவகமும் மேல்தளங்களில் நகர அருங்காட்சியகமும் இயங்குகின்றன.

இத்தகைய மீள்கட்டுமானங்கள் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. பழைய மரமே எரிந்துவிட்ட நிலையில் இது 1529ஆம் ஆண்டின் வீடாகாது, நகல் மட்டுமே என்பது ஒரு தரப்பு. வடிவமும் இடமும் தச்சு முறையும் தொடர்வதால் நகரின் நினைவு மீட்கப்படுகிறது என்பது மறுதரப்பு. எனவே இம்மாளிகையைக் குறிப்பிடும்போது 1529, 1989 ஆகிய இரு ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்வதே பொருத்தம்.