கழுத்தில் ஐ.டி கார்டு... கையில் படகு டிக்கெட்! - மாநாட்டு இடைவேளையில் கொச்சியைச் சுற்றலாம் வாங்க

அலுவலகத்திலிருந்தோ கல்லூரியிலிருந்தோ மூன்று நாள் மாநாட்டுக்கு வெளியூர் அனுப்புகிறார்கள். ஏர்போர்ட், ஹோட்டல், ஏ.சி அரங்கம், பஃபே சாப்பாடு, மறுபடியும் ஏர்போர்ட். வீட்டுக்கு வந்ததும் 'ஊர் எப்படி இருந்தது?' என்று கேட்டால், 'அரங்கத்துல குளிர் அதிகம்' என்பதைத் தவிர நம்மில் பலருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

அந்த ஊர் கொச்சியாக இருந்தால், இப்படித் திரும்பி வருவது பெரிய நஷ்டம். ஏனென்றால், இங்கே ஊரைப் பார்க்கத் தனியாக லீவு போடவேண்டியதில்லை. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் கிடைத்தாலே போதும். ஒரே ஒரு விஷயம், டாக்ஸியை மறந்துவிட்டுப் படகில் ஏறவேண்டும்.

இங்கே தண்ணீர்தான் ரோடு!

இந்தப் பக்கம் எறணாகுளம். அந்தப் பக்கம் ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி. நடுவிலும் ஓரத்திலுமாகப் போல்காட்டி, வல்லார்பாடம், வைப்பின் என்று தீவுகள். வெலிங்டன் தீவு மனிதர்கள் உண்டாக்கியது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பிய நிலம் அது.

2004-ல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்படும்வரை, வைப்பின்காரர்களுக்கு வேலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ எறணாகுளம் வரவேண்டுமென்றால் படகைத்தான் நம்பவேண்டும். இன்றும் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள், டிபன் கேரியருடன் வேலைக்குப் போகும் பெண்கள் எனப் படகு நிறைந்துதான் கிளம்புகிறது. நமக்கு அது உலா. அவர்களுக்கு டவுன் பஸ்.

எந்தப் படகு?

இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் தயாரான, பேட்டரியில் ஓடும் ஏ.சி படகு. ஒரு படகில் 100 பேர்தான். ஹைகோர்ட் டெர்மினலில் ஏறினால் சுமார் 20 நிமிடங்களில் ஃபோர்ட் கொச்சி. நிறைய மாநாடுகள் நடக்கும் போல்காட்டி தீவுக்கும் ஹைகோர்ட்டிலிருந்து வாட்டர் மெட்ரோ உண்டு.

இன்னொன்று, கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை நடத்தும் பழைய படகு. சுபாஷ் பார்க் அருகே இருக்கும் எறணாகுளம் ஜெட்டியிலிருந்து கிளம்பும். ஏ.சி கிடையாது. உப்புக்காற்று முகத்தில் அடிக்கும், சரக்குக் கப்பல்கள் பக்கத்திலேயே நகரும். டிக்கெட் விலை ஒரு டீக்காசை ஒட்டித்தான் இருக்கும். போகும்போது ஒன்று, வரும்போது மற்றொன்று என்று வைத்துக்கொண்டால் இரண்டையும் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

காலை: வலையும் தேவாலயமும்

முதல் அமர்வு பத்து மணிக்கு என்றால், விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். ஃபோர்ட் கொச்சி கரையில் வரிசையாக நிற்கும் சீனவலைகளை வெயில் ஏறும் முன் பார்ப்பதுதான் சுகம். பெரிய மரச்சட்டத்தில் வலை, எதிர்முனையில் எடைக்குக் கட்டித் தொங்கவிட்ட பாறாங்கற்கள். நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுத்தால்தான் வலை மேலே வரும்.

சில நிமிடங்கள் நின்று கவனியுங்கள். பல நேரம் வலையில் கைப்பிடி மீன்தான் இருக்கும். மழைக்காலம் முடிந்தால் ஆகாயத்தாமரை வந்து வலையை அடைத்துக்கொள்ளும். மரச்சட்டங்களைப் பழுதுபார்க்கவும் நிறையச் செலவாகும். அஞ்சல் அட்டையில் அழகாகத் தெரியும் இந்தத் தொழில், உள்ளே தள்ளாடிக்கொண்டுதான் இருக்கிறது. 'வாங்க, கயிறு இழுங்க' என்று யாராவது கூப்பிட்டு நீங்களும் இழுத்தால், அவர்கள் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வருவதுதான் முறை.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1503-ல் போர்ச்சுகீசியர்கள் முதலில் கட்டியது. 1524-ல் கொச்சியில் இறந்த வாஸ்கோடகாமாவை இங்கேதான் புதைத்தார்கள். பிறகு உடலைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டாலும், கல்லறைக்கல் இன்னும் இருக்கிறது.

தமிழ் கேட்கும் சலவைத்துறை

ஃபோர்ட் கொச்சியின் வெளி பகுதியில் 'டோபி கானா' என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் போதும். வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள், அதையடுத்து வெள்ளை வேட்டிகளும் விரிப்புகளும் காயும் திடல். இங்கே தலைமுறைகளாக உழைப்பவர்கள் தமிழர்கள். டச்சுக்காரர்கள் காலத்தில் ராணுவ உடுப்புகளை வெளுக்க அழைத்துவரப்பட்ட குடும்பங்களின் வழிவந்தவர்கள் என்பது இங்கே வழங்கும் வரலாறு.

துணி காயப்போடும் கயிற்றைப் பாருங்கள். கிளிப்பே இருக்காது. முறுக்கிய இரண்டு கயிறுகளுக்கு இடையே துணியின் நுனியைச் செருகிவிடுவார்கள், காற்றடித்தாலும் பறக்காது. வாஷிங் மெஷின்கள் வந்த பிறகு இளைய தலைமுறை வேறு வேலைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 'நல்லா இருக்கீங்களாண்ணா?' என்று தமிழில் பேச்சுக் கொடுத்துவிட்டு, பிறகு போட்டோ எடுக்கலாமா என்று கேளுங்கள்.

மாலை: மட்டாஞ்சேரி

மட்டாஞ்சேரியில் பஜார் ரோடு வழியாக நடந்தால் இஞ்சி, மிளகு, ஏலக்காய் வாசனை கூடவே வரும். மட்டாஞ்சேரி அரண்மனையில் ராமாயணச் சுவரோவியங்களைப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை. பக்கத்திலேயே 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூத ஜெப ஆலயம். தரை முழுக்கச் சீனாவிலிருந்து வந்த, கையால் வரைந்த நீல ஓடுகள். சனிக்கிழமை திறக்க மாட்டார்கள், வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேலும் போகவேண்டாம். மற்ற நாள்களிலும் மாலையில் சீக்கிரமே மூடிவிடுவார்கள். எனவே, மதிய அமர்வு முடிந்ததும் கிளம்பினால்தான் சரியாக இருக்கும்.

'வெள்ளம்' வேணுமா?

ஹோட்டல் பஃபேயை ஒருவேளையாவது தவிர்த்துவிடுங்கள். 'ஊண்' என்று போர்டு வைத்த சின்னக் கடைகளில் மட்டையரிசிச் சோறும் குடம்புளி போட்ட மீன்குழம்பும் கிடைக்கும். 'வெள்ளம் வேணோ?' என்று கேட்டால் பயப்படவேண்டாம், குடிக்கத் தண்ணீர்தான்! அதுவும் இளஞ்சிவப்பாக, வெதுவெதுப்பாக வரும். பதிமுகம் என்ற மரத்தின் துண்டுகளைப் போட்டுக் காய்ச்சியது. பிரியாணிப் பிரியர்கள் மட்டாஞ்சேரியில் 'காயீஸ்' எங்கே என்று கேட்டால் யாரும் வழிகாட்டுவார்கள். சாயாவுக்குப் பழம்பொரி துணை.

கிளம்பும் முன்...

ஜூன் முதல் செப்டம்பர் வரை குடை கட்டாயம். காலை எட்டரை முதல் பத்து மணிவரையும், மாலை ஐந்து மணிக்கு மேலும் படகில் வேலைக்குப் போய்வருபவர்கள் கூட்டம் இருக்கும். நமக்குத் தவறினால் ஒரு செல்ஃபி போகும், அவர்களுக்கு அரைநாள் சம்பளம் போகலாம். கொஞ்சம் முன்னே பின்னே கிளம்புங்கள்.

தனியாகப் போகும் பெண்கள் இருட்டும் முன் எறணாகுளம் திரும்பும்படி திட்டமிட்டால் பதற்றம் இருக்காது. எந்தக் கரையில் இறங்கினாலும், டிக்கெட் கவுன்டரில் 'சேட்டா, லாஸ்ட் போட் எப்போழா?' என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்புறம் ஊருக்குள் நடங்கள்.